மோஸ்லி போட்ட கோடு

நேர்க்கோட்டின் சமன்பாடு என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது ஒரே ஒரு வரிதான். ஒய் = எம் எக்ஸ் + சி. எம் என்றால் சாய்வு, சி என்றால் வெட்டுத்துண்டு. கிராஃப் தாளில் ஒரு கோடு கொடுத்திருப்பார்கள். அதில் இரண்டு புள்ளிகளை எடுத்து, மேலே ஏறினதை பக்கவாட்டில் நகர்ந்ததால் வகுத்தால் எம். கோடு ஒய் அச்சை எங்கே வெட்டுகிறதோ அது சி. ஐந்து மதிப்பெண் கேள்வி, பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும்.

வணிகவியல் மாணவர்களுக்கு மட்டும் இந்தக் கோடு கல்லூரியிலும் துரத்திக்கொண்டு வரும். மொத்தச் செலவுக் கோடு இதே ஆசாமிதான். ஒரு பொருள்கூடத் தயாரிக்காவிட்டாலும் கட்டியாக வேண்டிய வாடகை, சம்பளம் எல்லாம் வெட்டுத்துண்டு. ஒரு பொருள் கூடுதலாகச் செய்ய ஆகும் செலவு சாய்வு. கோட்டைப் பார்த்து சமன்பாடு எழுதிவிட்டால், கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே அந்தத் தொழிற்சாலையின் உள்விவகாரம் தெரிந்துவிடும்.

இந்த வேலையையே ஒருவர் அணுவுக்குச் செய்தார். கிராஃபில் பத்துப் புள்ளிகள் வைத்தார். நேர்க்கோடு வந்தது. அதன் சாய்வைப் பார்த்தார், வெட்டுத்துண்டைப் பார்த்தார். வேதியியலில் நாற்பது வருடமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு சிக்கல் சில மாதங்களில் அவிழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 26. அடுத்த இரண்டு வருடத்துக்குள் யுத்தத்தில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தும் போனார். பெயர் ஹென்றி மோஸ்லி.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்க வேண்டும்.

1869ல் ரஷ்யாவில் மெண்டலீவ் தனிமங்களை அணு எடை வரிசையில் அடுக்கி ஓர் அட்டவணை போட்டார். ஒரே மாதிரி குணமுள்ள தனிமங்கள் ஒரே பத்தியில் வந்து விழுந்தன. காலி இடங்களுக்கு இன்னின்ன தனிமம் வரும் என்று ஜோசியம் சொன்னார், வந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வெற்றிக்கதை. அதிகம் பேசப்படாதது, அந்த அட்டவணையில் உறுத்திக்கொண்டே இருந்த சில இடங்கள்.

எடை வரிசை என்றால் அயோடின் (126.9) முதலிலும் டெல்லூரியம் (127.6) அடுத்தும் வர வேண்டும். ஆனால் அயோடினின் குணம் குளோரின், புரோமின் குடும்பத்தோடு ஒத்துப்போகிறது. மெண்டலீவ் எடையை ஒதுக்கிவிட்டு குணத்தின் பக்கம் நின்றார். டெல்லூரியத்தின் எடையைத் தப்பாக அளந்திருப்பார்கள், பிறகு சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். சரியாகவில்லை. 1894ல் ஆர்கான் வாயுவைக் கண்டுபிடித்தபோது இன்னொரு சங்கடம். ஆர்கான் 39.95, பொட்டாசியம் 39.10. எடைப்படி அடுக்கினால் சும்மா இருக்கும் ஆர்கான், தண்ணீரில் போட்டாலே தீப்பிடிக்கும் சோடியத்தின் வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும்! கோபால்ட் (58.93), நிக்கல் (58.69) ஜோடியிலும் இதே தகராறு.

இதைவிடப் பெரிய தொல்லை அருமண் தனிமங்கள். லாந்தனத்தில் தொடங்கி ஒன்றோடொன்று பிரிக்கவே முடியாத அளவுக்கு ஒரே குணமுள்ள கூட்டம். இவை மொத்தம் எத்தனை என்று 1913 வரை உலகத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஆளாளுக்குப் புதுசு புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்ததாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பெனியில் மொத்தம் எத்தனை ஊழியர்கள் என்றே தெரியாமல் சம்பளப் பட்டியல் தயாரிப்பது போன்ற நிலைமை.

அந்தக் காலத்தில் "அணு எண்" என்பது வெறும் இருக்கை எண்தான். பஸ்ஸில் முதல் சீட், இரண்டாவது சீட் என்று எண்ணுவது போல. அதற்கு இயற்பியல் அர்த்தம் எதுவும் கிடையாது. முக்கியமானது எடை என்றே எல்லோரும் நம்பினார்கள்.

1911ல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே ஒரு கரு இருக்கிறது என்றார். அந்தக் கருவின் மின்சுமை ஏறக்குறைய அணு எடையில் பாதி என்று சோதனைகள் காட்டின. "ஏறக்குறைய" என்பதில்தான் பிரச்சினை. அப்போது நெதர்லாந்தில் ஆன்டோனியஸ் வான் டென் புரூக் என்று ஒருவர். சட்டம் படித்தவர், இயற்பியல் அவருக்குத் தொழிலே அல்ல. அவர் சொன்னது: எடையை விடுங்கள், அட்டவணையில் எத்தனையாவது இடமோ அதுதான் கருவின் மின்சுமை. 'நேச்சர்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நல்ல யோசனைதான், ஆனால் ஆதாரம்? வக்கீல் படிப்பு படித்தவரிடமே சாட்சி இல்லை.

சாட்சி மான்செஸ்டரில் தயாராகிக்கொண்டிருந்தது.

மோஸ்லி பிறந்தது 1887 நவம்பர் 23, இங்கிலாந்தின் வேமவுத்தில். படித்த குடும்பம். அப்பா உயிரியல் அறிஞர், 'சேலஞ்சர்' கப்பலில் புகழ்பெற்ற கடலாய்வுப் பயணம் போனவர். மகனுக்கு நாலு வயது ஆவதற்குள் காலமானார். அம்மா 1913ல் பிரிட்டிஷ் பெண்கள் சதுரங்க சாம்பியன். ஈட்டன் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. ஆனால் 1910ல் பட்டம் வாங்கியபோது கிடைத்தது இரண்டாம் வகுப்பு மட்டுமே (மதிப்பெண் குறைந்து வருத்தத்தில் இருக்கும் வகுப்புத் தோழர்கள் இதைக் கவனிக்கவும்). அதே வருடம் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்தார்.

1912ல் ஜெர்மனியில் லாவே, எக்ஸ் கதிரைப் படிகத்தின் வழியே செலுத்தினால் அது ஒளி போலச் சிதறிப் புள்ளிகளாக விழுகிறது என்று காட்டினார். பிராக் தந்தையும் மகனும் அதைக் கொண்டு எக்ஸ் கதிரின் அலைநீளத்தை அளக்க வழி கண்டார்கள். எந்தக் கோணத்தில் கதிர் பலமாகத் திரும்பி வருகிறது என்று பார்த்தால் போதும், அலைநீளம் கணக்கில் வந்துவிடும். மோஸ்லிக்கு இதில் ஆசை வந்தது. சார்லஸ் கால்டன் டார்வினோடு (பரிணாமம் சொன்ன டார்வினின் பேரன்) கொஞ்ச காலம் சேர்ந்து வேலை செய்தார், பிறகு தனியாக இறங்கினார்.

ஓர் உலோகத்தின் மீது வேகமான எலக்ட்ரான்களை மோதவிட்டால் அது தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். இதை ஏற்கெனவே பார்க்ளா என்பவர் கண்டிருந்தார், அவற்றுக்கு கே, எல் என்று பெயரும் வைத்திருந்தார். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கைரேகை மாதிரி. அந்தக் கைரேகைகளைத் துல்லியமாக அளந்து, அவை எடைப்படி மாறுகின்றனவா, இருக்கை எண்ணின்படி மாறுகின்றனவா என்று பார்ப்பதுதான் மோஸ்லியின் திட்டம். 1913 ஜூலையில் நீல்ஸ் போர் மான்செஸ்டர் வந்தபோது இருவரும் இதைப் பற்றிப் பேசினார்கள்.

கருவியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். எக்ஸ் கதிர்க் குழாய்க்குள் காற்றை முழுக்க உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். அந்தக் கால பம்ப்பில் இது சாதாரண வேலையில்லை. ஒவ்வொரு உலோகத்துக்கும் குழாயைத் திறந்து, மாற்றி, மறுபடி காற்றை எடுப்பது என்றால் வருடங்கள் ஓடிவிடும். மோஸ்லி என்ன செய்தார் தெரியுமா? குழாய்க்குள் ஒரு குட்டித் தண்டவாளம் போட்டார். அதன் மேல் சின்னச் சின்ன வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தனிமத்தின் துண்டு. வண்டிகளைப் பட்டுத் தூண்டில் நூலால் கட்டி, பித்தளை உருளைகளில் சுற்றி இழுத்தார். குழாயைத் திறக்காமலே ஒன்றன்பின் ஒன்றாக உலோகங்கள் எலக்ட்ரான்களுக்கு முன்னால் வந்து நின்றன. பொம்மை ரயில்தான்! வெளியே வந்த கதிர் ஒரு பொட்டாசியம் ஃபெரோசயனைடு படிகத்தில் பட்டுத் திரும்பி, புகைப்படத் தட்டில் கோடாக விழுந்தது. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம்.

கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள். நடுவே ஸ்காண்டியம் மட்டும் அளக்கப்படவில்லை. துத்தநாகம் எளிதில் ஆவியாகிவிடும் என்பதால் அதற்குப் பதில் பித்தளையை வைத்தார். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன, எனவே தட்டில் இரண்டின் கோடுகளும் விழுந்தன. கோபால்ட் துண்டில் கொஞ்சம் இரும்பும் நிக்கலும் கலந்திருந்ததைக்கூடப் படம் காட்டிக்கொடுத்தது. கலப்படம் கண்டுபிடிக்க இது நல்ல வழியாக இருக்கும் என்று அப்போதே அவர் எழுதி வைத்தார். இன்று நகைக்கடைகளில் நகையை ஒரு பெட்டிக்குள் வைத்து, உரைக்காமல் உருக்காமல் எத்தனை கேரட் என்று சொல்கிறார்களே, அந்த எக்ஸ் கதிர்க் கருவி செய்வது இதே வேலைதான். தங்கத்தின் கோடும் செம்பின் கோடும் தனித்தனியாகத் தெரியும்.

பத்துப் படங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது கோடுகள் படிக்கட்டு போல ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போயின. இப்போது கிராஃப் போட வேண்டும்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். கிராஃப் என்றால் புள்ளி வைத்து இணைப்பது என்று நினைக்கிறோம். ஆனால் எந்த அச்சில் எதை வைப்பது என்பதுதான் பாதி மூளை வேலை. மோஸ்லி ஒய் அச்சில் அதிர்வெண்ணை அப்படியே வைக்கவில்லை, அதன் வர்க்கமூலத்தை வைத்தார். காரணம், போர் அந்த வருடம்தான் வெளியிட்டிருந்த அணுக் கொள்கைப்படி ஆற்றல் கருவின் மின்சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கமாக வளரும் ஒன்றை அப்படியே வரைந்தால் வளைகோடு வரும். வர்க்கமூலம் எடுத்து வரைந்தால் நேர்க்கோடு வர வேண்டும். வளைகோட்டைப் பார்த்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. நேர்க்கோடு என்றால் ஒரு அளவுகோல் போதும்.

எக்ஸ் அச்சில் எதை வைப்பது? எடையா, இருக்கை எண்ணா? இதுதான் வழக்கே.

எண்களை இன்றைய அளவீடுகளில் பார்க்கலாம். அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தைக் கோடியில் சொன்னால் படிக்கச் சுலபம். கால்சியத்துக்கு 94.5 கோடி. இரும்புக்கு 124.4. கோபால்ட்டுக்கு 129.5. நிக்கலுக்கு 134.5. செம்புக்கு 139.5. துத்தநாகத்துக்கு 144.5.

முதலில் எடையை எக்ஸ் அச்சில் வைத்துப் பாருங்கள். இரும்பிலிருந்து (55.85) கோபால்ட்டுக்குப் போக வலப்பக்கம் மூன்று அலகு நகர வேண்டும், மேலே ஐந்து ஏறுகிறது. கோபால்ட்டிலிருந்து நிக்கலுக்குப் போக இடப்பக்கம் திரும்பி கால் அலகு வர வேண்டும், ஆனால் மேலே மறுபடி ஐந்து ஏறுகிறது! கோடு பின்பக்கமாகச் சாய்கிறது. குடிகாரன் நடை.

இப்போது இருக்கை எண். கால்சியம் 20, இரும்பு 26, கோபால்ட் 27, நிக்கல் 28, செம்பு 29, துத்தநாகம் 30. ஒரு படி ஏற ஐந்து கோடி, அடுத்த படிக்கு ஐந்து கோடி, அடுத்ததற்கும் ஐந்து கோடி. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடு. கோபால்ட்டுக்குப் பிறகுதான் நிக்கல், எடை என்ன சொன்னாலும் சரி.

சமன்பாடு கண்டுபிடிக்க இரண்டு புள்ளிகள் போதும். கால்சியம் (20, 94.5), செம்பு (29, 139.5). ஏறியது 45, நகர்ந்தது 9. சாய்வு 5. இனி வெட்டுத்துண்டு: 94.5 = 5 × 20 + சி. எனவே சி = −5.5. ஆக,

ஒய் = 5 எக்ஸ் − 5.5

கணக்குக்கு எடுத்துக்கொள்ளாத புள்ளியில் சோதித்துப் பார்ப்பதுதான் நல்ல பழக்கம். இரும்பு 26: 130 − 5.5 = 124.5. அளந்தது 124.4. துத்தநாகம் 30: 144.5. அளந்ததும் 144.5. டைட்டானியம் அளவில் 104.4 வருகிறது, கால்சியத்தைவிட ஏறக்குறைய 10 அதிகம், அதாவது இரண்டு படி. நடுவே ஓர் ஆள் இருக்கிறார் என்று கோடே சொல்கிறது. அதுதான் அளக்காமல் விட்ட ஸ்காண்டியம்.

பள்ளிக்கூடக் கணக்கு இங்கே முடிந்துவிடும். மோஸ்லியின் கணக்கு இங்கே தொடங்குகிறது. 5 என்ற எண் எங்கிருந்து வந்தது?

போரின் கொள்கையில் ஓர் எலக்ட்ரான் இரண்டாம் வட்டத்திலிருந்து முதல் வட்டத்துக்கு விழுந்தால், ரிட்பெர்க் மாறிலியை (வினாடிக்கு 3.29 × 10¹⁵) முக்காலால் பெருக்க வேண்டும். முக்கால் என்பது 1 − ¼. அதன் வர்க்கமூலம் எடுத்தால் 4.97 கோடி வருகிறது. கிராஃபில் அளந்த சாய்வு 5! ஹைட்ரஜன் வாயுவின் ஒளியிலிருந்து வந்த ஓர் எண், செம்பின் எக்ஸ் கதிரில் வந்து நிற்கிறது.

வெட்டுத்துண்டு? சமன்பாட்டை 5 (எக்ஸ் − 1.1) என்று மாற்றி எழுதலாம். மோஸ்லி அதை ஒன்று என்றே எடுத்துக்கொண்டார். அவருடைய சொந்த அட்டவணையில் கால்சியத்துக்கு 19.00, கோபால்ட்டுக்கு 26.00, நிக்கலுக்கு 27.04, செம்புக்கு 28.01, துத்தநாகத்துக்கு 29.01 என்று வந்தது. எல்லாமே இருக்கை எண்ணைவிட ஒன்று குறைவு. உள்வட்டத்தில் மிச்சம் இருக்கும் எலக்ட்ரான் கருவின் இழுவிசையில் ஏறக்குறைய ஓர் அலகை மறைத்துவிடுகிறது என்பது பிற்காலத்தில் தெளிந்த விளக்கம். நிலையான செலவு மாதிரிதான், எத்தனை பெரிய அணுவாக இருந்தாலும் இந்தப் பிடித்தம் உண்டு.

1913 டிசம்பரில் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் கட்டுரை வந்தது. ஒரு தனிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒழுங்கான படிகளில் கூடும் ஏதோ ஒன்று அணுவுக்குள் இருக்கிறது, அது கருவின் மின்சுமையாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் முடிவு. வான் டென் புரூக்குக்கு சாட்சி கிடைத்துவிட்டது.

எல்லோரும் உடனே கைதட்டிவிடவில்லை. லிண்டமேன் (பின்னாளில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரானவர்) 1914 தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் ஆட்சேபம் தெரிவித்தார். எண்கள் ஒத்துப்போவதால் மட்டும் போரின் கொள்கை நிரூபணமாகிவிடாது, வேறு வழிகளிலும் இப்படி ஒரு சூத்திரம் கொண்டுவர முடியும் என்பது அவர் வாதம். மோஸ்லி பதில் எழுதினார். நியாயமாகச் சொன்னால் லிண்டமேன் கேட்டது சரியான கேள்விதான். கோடு நேராக இருப்பது வேறு, அதற்குச் சொல்லும் காரணம் சரியாக இருப்பது வேறு.

இன்னொரு சண்டை ரொம்ப சுவாரசியமானது, அது முழுக்க முழுக்க வெட்டுத்துண்டைப் பற்றியது. ஸ்வீடனின் ரிட்பெர்க் (மாறிலிக்குப் பெயர் கொடுத்த அதே ரிட்பெர்க்) தனிமங்களுக்கு வேறு எண் வைத்திருந்தார். வானத்து நெபுலாக்களின் ஒளியிலும் சூரியனின் கொரோனாவிலும் அடையாளம் தெரியாத நிறக்கோடுகள் தெரிந்தன. அவை நெபுலியம், கொரோனியம் என்ற இரண்டு புதுத் தனிமங்கள் என்று பலர் நம்பினார்கள். ரிட்பெர்க் அவற்றுக்கும் இடம் ஒதுக்கினார். அதனால் அவர் கணக்கில் எல்லோருடைய எண்ணும் இரண்டு கூடிவிடும். கால்சியம் 22, செம்பு 31.

இப்படி எண் வைத்தால் மோஸ்லியின் கோடு என்ன ஆகும்? நேராகவே இருக்கும்! சாய்வும் அதே 5தான். எல்லாப் புள்ளிகளும் இரண்டு அலகு வலப்பக்கம் நகரும், அவ்வளவுதான். சமன்பாடு மட்டும் 5 (எக்ஸ் − 3.1) என்று மாறும். ஆக, அடுத்தடுத்த தனிமங்களுக்கு இடையே ஒரு படிதான் என்று கோடு உறுதியாகச் சொல்கிறது, ஆனால் எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதை அதன் நேர்மை மட்டும் சொல்லாது. சாய்வு அளவீட்டில் கிடைத்தது. வெட்டுத்துண்டு, எண் வைத்தவரின் நம்பிக்கையையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது. கிராஃபிலிருந்து சமன்பாடு எடுக்கும் எவரும் இதை ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. செலவுக் கோட்டில்கூட மாதம் ஏப்ரலில் தொடங்குகிறதா ஜனவரியில் தொடங்குகிறதா என்பதில் சி மாறும், எம் மாறாது.

இந்த வழக்கைத் தீர்க்க வேறொரு சோதனை தேவைப்பட்டது. 1920ல் சாட்விக், ஆல்ஃபா துகள்களைச் சிதறவிட்டு கருவின் மின்சுமையை நேரடியாகவே அளந்தார். செம்புக்கு 29.3, வெள்ளிக்கு 46.3, பிளாட்டினத்துக்கு 77.4 என்று வந்தது. 31 அல்ல, 29தான். நெபுலியம் என்பது எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் என்று 1927ல் தெரிந்தது. கொரோனியம், பல எலக்ட்ரான்களை இழந்த இரும்பு என்று 1940 வாக்கில் தெளிந்தது. காலி இருக்கையில் துண்டு போட்டு வைத்த கதை.

மோஸ்லிக்குத் திரும்பலாம். 1913 இறுதியில் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். அங்கே பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை, ஆய்வகத்தில் இடம் மட்டும் கிடைத்தது. இந்த முறை அலுமினியத்திலிருந்து தங்கம் வரை போனார். கனமான தனிமங்களுக்கு கே கோடுகளுக்குப் பதில் எல் கோடுகள். அவையும் நேர்க்கோட்டில் வந்தன, ஆனால் சாய்வு வேறு, பிடித்தமும் 1 அல்ல, 7.4. அதிக எலக்ட்ரான்கள் உள்ளே மறைப்பதால் அதிகப் பிடித்தம்.

1914 ஏப்ரலில் வந்த இந்த இரண்டாவது கட்டுரையில்தான் அட்டவணைக்குத் தணிக்கை நடந்தது. 13ஆம் எண் அலுமினியத்திலிருந்து 79ஆம் எண் தங்கம் வரை எல்லா இருக்கைக்கும் ஆள் இருக்கிறார்கள், மூன்று இடங்களைத் தவிர: 43, 61, 75. அங்கே இன்னும் கண்டுபிடிக்காத தனிமங்கள் இருக்கலாம் என்று எழுதினார். மெண்டலீவ் காலி இடத்தைக் குணத்தைப் பார்த்து ஊகித்தார். இவர் எண்ணிச் சொன்னார். "இதற்கும் அதற்கும் நடுவே புதுசாக ஒன்று" என்று யாரும் இனிமேல் நினைத்தபடி நுழைக்க முடியாது, ஏனென்றால் 26க்கும் 27க்கும் நடுவே முழு எண் கிடையாது.

பாரிஸில் உர்பேன் என்று ஒரு வேதியியலாளர். அருமண் தனிமங்களைப் பிரிப்பதிலேயே வாழ்க்கையைச் செலவிட்டவர். கரைத்து, படிகமாக்கி, மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்கி, ஆயிரக்கணக்கான முறை. 1911ல் 'செல்டியம்' என்ற புதுத் தனிமத்தைக் கண்டதாக அறிவித்திருந்தார். 72ஆம் இடம் அதற்குத்தானா என்று பார்க்க, 1914ல் தன் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அவரே ஆக்ஸ்ஃபோர்டு வந்தார். அவரைவிட வயதில் மிகவும் சிறிய ஓர் இளைஞர், பல வருட உழைப்பில் பிரித்தெடுத்ததைச் சில நாட்களில் படம்பிடித்து, இதில் இன்னது இருக்கிறது, இன்னது இல்லை என்று சொல்லிவிட்டார். செல்டியம் இல்லை. ஏற்கெனவே தெரிந்த லுட்டீஷியமும் இட்டர்பியமும்தான் கோடு காட்டின. உர்பேனுக்கு ஏமாற்றம், ஆனால் அந்த முறையின் சக்தியைப் பார்த்து வியந்துபோனார். பொறாமைப்படாமல் மற்றவர்களிடம் அதைப் பாராட்டியும் பேசினார். அந்த வகையில் பெரிய மனிதர்தான். ஆக காலி இருக்கை நான்கு.

அந்த 1914 கோடையில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. மோஸ்லி அம்மாவோடு கப்பலேறினார். வழியில் இருக்கும்போதே ஆகஸ்ட் 4ல் பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது. கூட்டத்தில் கட்டுரையைப் பேசி முடித்துவிட்டு, ஊர் திரும்பி, ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆய்வகத்தில் இருந்தே நாட்டுக்கு உதவலாமே என்று சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை. தகவல் தொடர்பு அதிகாரியாக துருக்கியின் கலிப்போலிக்கு அனுப்பப்பட்டார்.

1915 ஆகஸ்ட் 10 காலை. துருக்கிப் படைகள் மேலிருந்து பெரும் தாக்குதல் நடத்தின. மோஸ்லி தொலைபேசியில் உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பட்டது. வயது 27. தனிக் கல்லறை இல்லை, ஹெல்லஸ் நினைவுச்சின்னத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. போர்க்களத்தில் எழுதி வைத்த உயிலில் தன் சொத்து முழுவதையும் ஆராய்ச்சிக்காக ராயல் சொசைட்டிக்குக் கொடுத்திருந்தார்.

ரூதர்ஃபோர்டு கொதித்துப்போனார். இப்படி ஒருவரைச் சாதாரண அதிகாரியாகப் போர்முனைக்கு அனுப்பியது நாட்டின் மூளையை வீணடித்தது என்ற பொருளில் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த வருட நோபல் பரிசுக்கு இயற்பியல், வேதியியல் இரண்டிலும் மோஸ்லியின் பெயரை அர்ரேனியஸ் முன்மொழிந்திருந்தார். இறந்தவர்களுக்குப் புதிதாகப் பரிசு கொடுக்கும் வழக்கம் இல்லாததால் அந்தப் பேச்சு அதோடு போயிற்று. 1917ஆம் வருடத்துப் பரிசு பார்க்ளாவுக்கும் 1924ஆம் வருடத்துப் பரிசு சீக்பானுக்கும் போயின, இரண்டுமே எக்ஸ் கதிர் நிறமாலை தொடர்பான வேலைகளுக்கு. ரூதர்ஃபோர்டின் கருவை ஆரம்பத்தில் பெரும்பாலோர் பொருட்படுத்தவே இல்லை, பெரிய மாற்றம் மோஸ்லியிடமிருந்து வந்தது என்று நீல்ஸ் போர் தன் கடைசி வருடமான 1962ல் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார்.

நான்கு காலி இருக்கைகளும் ஒவ்வொன்றாக நிரம்பின. 72ஆம் எண்ணை கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் தேடினார்கள். அது அருமண் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, சிர்கோனியத்தின் உறவு என்று போரின் கொள்கை சொன்னதால் சிர்கோனியக் கனிமங்களில் பார்த்தார்கள். கோடு சொன்ன இடத்தில் எக்ஸ் கதிர் தெரிந்தது. 1923 ஜனவரியில் அறிவித்தார்கள், கோபன்ஹேகனின் லத்தீன் பெயரால் ஹாஃப்னியம். 1925ல் ஜெர்மனியில் நோடாக், இடா டாக்கே, பெர்க் மூவரும் 75ஆம் எண் ரீனியத்தைக் கண்டார்கள். அவர்கள் 43ஐயும் கண்டதாகச் சொன்னது நிற்கவில்லை. அது 1937ல், கலிஃபோர்னியாவின் சைக்ளோட்ரானில் அடிபட்ட ஒரு மாலிப்டினம் தகட்டை வாங்கி ஆராய்ந்த பெரியேவுக்கும் செக்ரேவுக்கும் இத்தாலியில் கிடைத்தது. டெக்னீஷியம் எனப் பெயர். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம் அதுதான்.

மிச்சம் 61. அதற்கு நிலையான வடிவமே கிடையாது, மண்ணில் தோண்டிக் கண்டுபிடிக்க முடியாது. 1945ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், அணு உலையில் எரிந்த யுரேனியத்தின் கழிவிலிருந்து மரின்ஸ்கி, கிளெண்டெனின், கோரியெல் மூவரும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் ஒரு யுத்தத்துக்காக நடந்த வேலைதான், அதனால் 1947 வரை வெளியே சொல்லவில்லை. புரோமீத்தியம் என்று பெயர் வைத்தார்கள்.